இணையக் குற்ற வழக்கில் வழக்கறிஞர் எப்போது வர வேண்டும்?

கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவரைக் கொண்டு வாதாடவும் அரசமைப்புச் சட்டத்தின் 22(1)ஆம் உறுப்பு உரிமை தருகிறது. இவ்வுரிமை குறித்த தீர்ப்புகளில் பல, ‘யார் வாதாடுவது’ என்ற கேள்விக்கே விடை தேடியவை. குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காக எந்த உறுப்பினரும் ஆஜராகக் கூடாதென்று கோவை வழக்கறிஞர் சங்கம் நிறைவேற்றிய தீர்மானம் செல்லாது என 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. கைதானவரை நடுவர்முன் முதன்முறை நிறுத்தும்போதே, இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை அவருக்கு உண்டென்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று 2012இல் கசாப் வழக்கில் வலியுறுத்தியது. கைபேசியும் வங்கிக் கணக்கும் சாட்சியாகும் வழக்குகளில் ‘எப்போது’ என்ற கேள்வி அதைவிடக் கனமானது. இவ்வழக்குகளின் போக்கைத் தீர்மானிக்கும் செயல்கள் பெரும்பாலும் கைதுக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. சட்டமோ கைதுக்குப் பிறகே வழக்கறிஞரை உள்ளே அழைக்கிறது. இந்த இடைவெளி அடைபடாத வரை, விரும்பிய வழக்கறிஞரை அமர்த்தும் உரிமை பாதி உரிமையாகவே இருக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பறிமுதலும் சான்றிதழும்

மின்னணு ஆவணத்தை ஏற்பதற்கான நிபந்தனைகள் இன்று பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவில் உள்ளன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம் கேட்கும் சான்றிதழ் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதல் பகுதியில் சாதனத்துக்குப் பொறுப்பானவரும், இரண்டாவதில் நிபுணரும் கையொப்பமிட வேண்டும். ஆவணத்தின் ஹாஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

இத்தகைய சான்றிதழ் கட்டாயம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2020இல் அதை உறுதிசெய்தது. விசாரணை முடிவதற்குள் அதைத் தாக்கல் செய்ய அரசுத் தரப்புக்கு வாய்ப்பளிக்கலாம் என்றும் அப்போது தெளிவுபடுத்தியது. ஆகவே சான்றிதழ் இல்லை என்ற குறை பின்னர் சரிசெய்யத்தக்கது. பறிமுதலின்போது ஹாஷ் மதிப்பு எடுக்கப்படாமல் போனால் நிலைமை வேறு. இரண்டு வாரம் கழித்து ஆய்வகத்தில் எடுக்கப்படும் மதிப்பு, அன்று முதல் கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே காட்டும். இடைப்பட்ட நாட்களில் கைபேசி யார் கையில் இருந்தது, யார் திறந்தார்கள் என்பதற்கு அது விடை சொல்லாது.

எனவே பறிமுதலைப் பதிவுசெய்யும் மகஜரில் எழுதப்படும் சில வரிகளுக்குப் பெரும் எடை உண்டு: ஐ.எம்.இ.ஐ. எண், சிம் விவரம், கைபேசி இயங்கிக்கொண்டிருந்ததா அணைந்திருந்ததா, உறையிட்டு முத்திரை வைத்த நேரம், சாட்சிகளின் கையொப்பம். சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு. இவை முறைப்படி நடந்தனவா என்று பார்க்க, குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பில் அந்த அறையில் பெரும்பாலும் எவரும் இருப்பதில்லை.

கடவுச்சொல் கேட்கப்படுவதும் அதே அறையில்தான். அதைச் சொல்ல வைப்பது, தனக்கெதிராகச் சாட்சி சொல்ல வற்புறுத்துவதாகாது என்று 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கருதியது. வற்புறுத்த முடியாது என்று 2022இல் டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் கூறியது. நீதிமன்றங்களே இருவேறு விடை தந்திருக்கும் கேள்விக்கு, ஆய்வாளரின் மேசைக்கு எதிரே தனியாக அமர்ந்திருப்பவர் சில நொடிகளில் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

நோட்டீஸ் வந்தவரின் நிலை

கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் வங்கிக் கணக்கை அறிமுகமானவரிடம் கொடுத்த ஒரு கல்லூரி மாணவரை எடுத்துக்கொள்வோம். எங்கோ ஒருவர் ஏமாற்றப்பட்டு 1930 என்ற உதவி எண்ணில் புகார் செய்கிறார். பணம் போன பாதையில் மாணவரின் கணக்கும் இருக்கிறது. கணக்கு முடக்கப்படுகிறது. பிறகு வெளிமாநிலக் காவல் நிலையத்தில் ஆஜராகுமாறு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)ஆம் பிரிவின்கீழ் நோட்டீஸ் வருகிறது. அவர் இன்னும் கைதாகவில்லை.

விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையைத் தருவது அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு. ஆனால் அது ‘கைது செய்யப்பட்டு விசாரிக்கப்படுபவர்’ பற்றியே பேசுகிறது. அவருக்கும் விசாரணை நேரம் முழுவதும் அந்த உரிமை இல்லை. நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு வந்து உட்கார்ந்தவர் அப்பிரிவின் சொற்களுக்கு வெளியே நிற்கிறார். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வருமானம் பாராமல் உதவி தரும் பிரிவினரில் காவலில் இருப்பவர் உண்டு. நோட்டீஸ் பெற்றவர் அந்தத் தகுதியில் வர முடியாது. கைதுக்கு முந்தைய நிலையிலும் உதவி கிடைக்க வேண்டும் என்று தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2019இல் வழிமுறை வகுத்தது உண்மைதான். ஆனால் நோட்டீஸ் பெற்றவருக்கு அதைச் சொல்ல வேண்டிய கடமை விசாரணை அதிகாரிக்கு 35ஆம் பிரிவில் விதிக்கப்படவில்லை.

இந்த வரம்பு தவிர்க்க முடியாதது அல்ல. ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியும் கைது செய்யப்படவில்லை. காவல் நிலையத்துக்கு வரவழைக்கப்பட்டுக் கேள்விகள் தரப்பட்டவர்தான். அவர் வழக்கில் 1978இல் நீதிபதி கிருஷ்ண ஐயர், 22(1)ஆம் உறுப்பின் உணர்வை, தனக்கெதிராகச் சாட்சி சொல்ல வற்புறுத்தலைத் தடுக்கும் 20(3)ஆம் உறுப்போடு சேர்த்துப் படித்து, விசாரணைக் கட்டத்திலேயே வழக்கறிஞரின் துணைக்கு இடமளித்தார். 38ஆம் பிரிவு அந்தத் தீர்ப்பைவிடக் குறுகலானது.

எந்த வழக்கறிஞர்?

இணையக் குற்றம் என்றதும் கணினி தெரிந்த வழக்கறிஞரைத் தேடுவது இயல்பு. முதல் கட்டத்தில் அதைவிடத் தேவைப்படுபவர், ரிமாண்ட் நீதிமன்றத்தில் பழக்கப்பட்ட குற்றவியல் வழக்கறிஞர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. 77பி பிரிவின்படி அது பிணையில் விடத்தக்கது. அதே முதல் தகவல் அறிக்கையில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) சேர்ந்தால், ஏழாண்டு வரை தண்டனை உள்ள, பிணையில் விடத்தகாத குற்றமாகிவிடும். இந்தச் சேர்க்கையை எதிர்ப்பதற்கும், ஏழாண்டு வரையிலான குற்றங்களில் கைது இயந்திரத்தனமாக நடக்கக் கூடாது என்ற 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டுவதற்கும், வெளிமாநில வழக்கென்றால் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதித்த இடைக்கால முன்ஜாமீனை உள்ளூர் நீதிமன்றத்திலேயே கேட்பதற்கும் வேண்டியது நடைமுறை அறிவு. ஹாஷ் மதிப்பையும் ஐ.பி. பதிவுகளையும் அலசும் நிபுணத்துவம் குறுக்கு விசாரணையில் பலன் தரும்.

தொழில்நுட்ப ஆட்சேபணை மட்டும் வழக்கைக் காப்பாற்றாது என்பதை 2004ஆம் ஆண்டு எழும்பூர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கே காட்டியது. மின்னணு வடிவில் ஆபாசத்தைப் பரப்புவது பற்றிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் கிடைத்த ஆரம்பகாலத் தண்டனைகளில் அது ஒன்று. மின்னணு ஆவணம் ஏற்கத்தக்கதல்ல, அஞ்சல்களை வேறொருவர் அனுப்பியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நிபுணரோடு சைபர் கஃபே நடத்தியவர்களும் சாட்சி சொன்னார்கள். அந்த வாதம் நிற்கவில்லை.

தேர்வுக்கு இன்னொரு தடையும் உண்டு. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36ஆம் விதி விளம்பரத்தைத் தடுக்கிறது. வழக்கறிஞர்களைப் பட்டியலிடும் இணையதளங்கள்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிலின் கண்ணியத்துக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் யாருக்கு எத்துறையில் அனுபவம் என்று நடுநிலையாகச் சொல்லும் பட்டியலை வழக்கறிஞர் மன்றமும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் தராவிட்டால், காவல் நிலைய வாசலில் நிற்கும் தரகரே அந்த வேலையைச் செய்வார்.

ஒரு மறுப்பு

வழக்கறிஞர் முன்கூட்டியே வந்தால் தரவுகளைத் தொலைவிலிருந்தே அழித்துவிடுவார்கள் என்பது காவல்துறையின் நியாயமான அச்சம். இது பறிமுதலைத் தாமதிக்கக் கூடாது என்பதற்கான காரணம். கைபேசியை வலையமைப்பிலிருந்து துண்டித்து உறையிடும் வரை எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அதன்பின் நடக்கும் கேள்வி-பதிலுக்கு இந்த அச்சம் பொருந்தாது. கண்ணுக்குத் தெரியும், ஆனால் பேச்சு காதில் விழாத தொலைவில் வழக்கறிஞரை இருக்கவிடும் முறையை 2011இல் ஒரு போதைப்பொருள் வழக்கில், விசாரிக்கப்பட்டவரின் உடல்நிலையைக் கருதி, உச்ச நீதிமன்றமே ஏற்றது. குறைந்தபட்ச ஏற்பாடாக அதை இங்கும் கொள்ளலாம்.

குண்டர் சட்டம்

வழக்கறிஞரின் துணை கிடைக்காத இச்சிக்கல் தமிழ்நாட்டில் இன்னும் ஆழமானது. குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தில், 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால், இணையவழிச் சட்டக் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டனர். பிணை கிடைக்கும் குற்றத்தில் கைதானவரையும் இதன்கீழ் ஓராண்டு வரை தடுத்து வைக்கலாம். தடுப்புக் காவலுக்கு 22(1)ஆம் உறுப்பின் பாதுகாப்பு இல்லை. அந்தக் காவலை ஆராயும் அறிவுரைக் குழுமத்தின்முன் வழக்கறிஞர் வழியாக வாதாடும் உரிமையும் இல்லை. அரசுத் தரப்பில் வழக்கறிஞர் வந்தால் தடுப்புக் காவலில் இருப்பவருக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்று 1981இல் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது மட்டுமே ஆறுதல். மின்னணு ஆதாரத்தை எதிர்கொள்ளத் தொழில்முறை உதவி மிகுதியாகத் தேவைப்படும் ஒருவர், அது மறுக்கப்படும் நடைமுறைக்குள் தள்ளப்படுகிறார்.

வேண்டுவன மூன்று. 38ஆம் பிரிவு, 35(3) நோட்டீஸின்பேரில் ஆஜராவோருக்கும் விரிய வேண்டும். சட்ட உதவியின் தொலைபேசி எண்ணான 15100 அந்த நோட்டீஸிலேயே கட்டாயம் அச்சிடப்பட வேண்டும். அறிவுரைக் குழுமத்தின்முன் வழக்கறிஞரை மறுக்கும் விதியை, இணையக் குற்றங்களைப் பொறுத்தாவது தமிழ்நாடு சட்டமன்றம் நீக்க வேண்டும். புலனாய்வு அதிகாரங்களில் ஒன்றைக்கூட இவை குறைக்கவில்லை. உண்மையில் முறையாக எடுக்கப்பட்ட ஆதாரத்துக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கண்முன் நடந்த விசாரணையைவிடப் பலமான துணை கிடையாது. அதை மறுப்பதால் அரசுத் தரப்பும் இழக்கிறது.