நந்தன் கதை நடந்த வழி

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, எட்டாம் வகுப்பில் நந்தனார் கதையைச் சொல்லி முடித்தேன். பிள்ளைகள் அசையாது கேட்டனர். கதை நன்றாகச் சென்றது என்ற நிறைவோடு புத்தகத்தை மூடினேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, எல்லோரும் வாயில் வழியாகத்தானே உள்ளே போகிறார்கள்? அவர் மட்டும் ஏன் தீயில் இறங்க வேண்டும்?" என்று கேட்டான். எனக்கு விடை தோன்றவில்லை. மணி அடித்தது என்னைக் காப்பாற்றிற்று. அந்த வினாவைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டே இக்கதை வந்த வழியை நான் தேடத் தொடங்கினேன்.

இக்கதையின் தொடக்கம் மிகச் சிறிது. சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் 'திருநாளைப்போவார்' என்ற பெயரைச் சொல்லி வணங்குகிறார், அவ்வளவே. நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டில் ஊரையும் குலத்தையும் குறிக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனை முப்பத்தேழு பாடல்களாக விரித்தார். கொள்ளிடக் கரையை அடுத்த ஆதனூரின் புலைச்சேரியை அவர் கண்ணால் கண்டவர்போல் வருணிக்கிறார். தோலின்மேல் உறங்கும் மகவும், நாய்க்குட்டிகளும், மரத்தில் தொங்கும் பறையும் அங்கே காட்சியளிக்கின்றன. கோயில் முரசுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் நந்தனார் கொடுக்கிறார். கோயிலுக்குள் அவர் கொடுத்த பொருள்கள் செல்லலாம். அவர் செல்ல இயலாது. தில்லைக்கு 'நாளைப் போவேன்' என்று நாள்களைக் கடத்துகிறார். இறுதியில் இறைவன் ஆணைப்படி தீயில் மூழ்கி, முனிவர் வடிவோடு எழுந்து, மன்றினுள் சென்று மறைகிறார். கவனியுங்கள்: சேக்கிழாரின் நூலில் கொடிய பண்ணையார் எவருமில்லை. நந்தனாரைத் தடுத்தது அவருடைய சொந்த அச்சமும் ஊரின் வழக்கமுமே.

ஏழு நூற்றாண்டுகள் கழித்து அந்தப் பண்ணையாரைப் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த அவர், தஞ்சைத் தரணியின் வயல்களையும் அங்கே உழைத்தவர்களின் நிலையையும் நேரில் அறிந்தவர். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். விடுமுறை கேட்டு மன்றாடுகிறான். நாற்பது வேலி நிலத்தையும் பயிரேற்றிவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஓர் இரவில் இறைவனருளால் அது நிறைவேறுகிறது. வேதியர் பண்ணையாளின் காலில் விழுகிறார். புராணத்தில் இல்லாத இப்பகுதியே கேட்போர் நெஞ்சில் முதலில் தங்கிற்று. கடவுளின் பெருமையைக் கேட்க வந்தவர்கள், விடுமுறை கேட்டு நிற்கும் ஒரு கூலியாளின் குரலையும் கேட்டுச் சென்றார்கள்.

அக்குரலின் ஆற்றலுக்கு ஒரு சான்று உண்டு. பாரதியார் தம் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகினார். நூலில் இலக்கண வழுக்கள் மலிந்திருந்தமையால் பிள்ளையவர்கள் நாள் கடத்திவந்தார். பாரதியார் பலமுறை வந்து திரும்பினார். அவரும் ஒரு நாளைப்போவார் ஆனார் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஒரு நாள் பிள்ளையவர்கள் உறங்கிக்கொண்டிருக்க, வெளியே காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனையொன்றைத் தம்மை மறந்து பாடினார். கேட்டு விழித்த பெரும்புலவர் உள்ளம் உருகிப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். இதனைப் பதிவு செய்தவர் பிள்ளையவர்களின் மாணவராகிய உ. வே. சாமிநாதையர். ஏட்டில் படித்தபோது தெரிந்த குற்றம் செவியில் விழுந்தபோது மறைந்தது!

பின்னர்த் தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர், மராத்தியக் கீர்த்தனக்காரர்களின் முறையைத் தழுவிக் கதாகாலட்சேபத்தை வளர்த்தபோது, நந்தன் கதை அம்மேடைக்கு உரியதாயிற்று. என் இளமையில் எங்கள் ஊர் மண்டபத்தில் ஒரு பாகவதர் சிப்ளாக்கட்டையை ஒலித்து இக்கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேதியராய் உறுமுவார், மறுகணம் நந்தனாய்க் குழைவார். முன்வரிசையில் அமர்ந்திருந்த நிலக்கிழார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். ஆனால் அவர்களுடைய பண்ணையாட்கள் மண்டபத்திற்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றுதான் கேட்டார்கள். அன்று எனக்கு இது விந்தையாகப் படவில்லை. இன்று நினைக்க நாணமாயிருக்கிறது.

அடுத்துத் திரைப்படம் வந்தது. 1935-இல் நந்தனாராக நடிக்கக் கே. பி. சுந்தராம்பாளுக்கு இலட்ச ரூபாய் ஊதியம் என்பது அந்நாளில் பெரும் பேச்சு. 1942-இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் பாடி நடித்தார்.

கண்ணீர் மண்டபத்தோடு காய்ந்துவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். பலரிடத்தில் காய்ந்துதான் போயிற்று. ஆயினும் 1916-இல் சுவாமி சகஜானந்தர், நந்தனாருக்குக் கதவடைத்த அதே சிதம்பரத்தில், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1927-இல் சிதம்பரத்திற்கு வந்த காந்தியடிகள், தன்னையே வருத்தித் தடைகளை வென்றவர் என்று நந்தனாரைப் போற்றினார். ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நிறைவேறியது. இரண்டாண்டுகள் கழித்து, 'நல்லதம்பி' படத்தில் என். எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். நந்தன் தில்லைக்கு ஏங்கியதுபோல் கிந்தன் படிப்புக்கு ஏங்கி, இரயிலேறிப் பட்டணம் போகிறான். மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அழவைத்த கதையே சிரிக்கவும் வைத்தது. அச்சிரிப்பில் சூடு இருந்தது.

இக்கதையை ஏற்காதவர்களும் இருந்தனர். நந்தன் அடிமையல்லன், ஒரு மன்னன் என்றார் அயோத்திதாசப் பண்டிதர். புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' என்ற சிறுகதையில் ஆதனூரைத் தம் காலத்திற்கே கொண்டுவந்து நிறுத்தினார். இந்திரா பார்த்தசாரதி 1978-இல் எழுதிய 'நந்தன் கதை' நாடகத்தில் தீ நந்தனைத் தூய்மை செய்யவில்லை. சூழ்ச்சிக்காரர் மூட்டிய அத்தீ அவனை எரித்துவிடுகிறது. பக்தர் சிலருக்கு இம்மாற்றங்கள் மனவருத்தம் தரலாம். ஆனால் பண்ணையாரைப் புகுத்திய பாரதியாருக்கு நாம் அளித்த உரிமையைப் பின்வந்தோர்க்கு மறுப்பது எங்ஙனம் பொருந்தும்?

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. மறுவாரம் அவனையே அழைத்து, "உனக்குப் பிடித்தவாறு கதையை எழுதிக் கொண்டுவா" என்றேன். ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். எழுத்துப் பிழைகள் மிகுதி. அவனுடைய நந்தன் தீயருகே வந்து நிற்கிறான், அதை மூட்டியவர்களைப் பார்த்து, "நீங்களும் என்னோடு இறங்குங்கள், எல்லோரும் சேர்ந்தே உள்ளே போகலாம்" என்கிறான். சிவப்பு மையைத் திறந்துவிட்டு, ஒரு பிழையையும் திருத்தாமல் மூடிவைத்தேன். அன்று வகுப்பில் அவனையே அதை உரக்கப் படிக்கச் சொன்னேன்.