எல்.கே.ஜி.யில் இருக்கும் "கே.ஜி." - சில மரக்கட்டைகளின் வரலாறு

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்ற சொற்களைக் கேட்காத தமிழ்நாட்டுப் பெற்றோர் இருக்க மாட்டார்கள். ஆனால் அதில் வரும் "கே.ஜி." ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கிண்டர்கார்டன் என்றால் ஜெர்மன் மொழியில் "குழந்தைகளின் தோட்டம்". 1840-ல் இந்தப் பெயரை வைத்தவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல். அவருடைய தோட்டத்தில் பந்து, மரக்கட்டை, குச்சி, வண்ணக் காகிதம், ஊறவைத்த பட்டாணி இவைதான் பாடப்புத்தகம். வட்டம், சதுரம், முக்கோணம் எல்லாம் முதலில் குழந்தையின் கைக்குத்தான் வந்தன, பெயர் பிறகுதான் வந்தது.

இந்த முறை எப்படிப் பிறந்தது? இதைப் போய் ஓர் அரசாங்கம் ஏன் தடை செய்தது?

உப்புக்கல் சொன்ன பாடம்

ஃப்ரோபெல் 1782 ஏப்ரல் 21 அன்று ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் பிறந்தார். ஒரு வயது முடிவதற்குள் தாயை இழந்தார். தந்தை பாதிரியார், எப்போதும் சபை வேலை. தனியாகவே வளர்ந்த பையன் பதினைந்து வயதில் ஒரு வனக் காவலரிடம் தொழில் பழகப் போனான். பிறகு 1805-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கிருந்து சுவிட்சர்லாந்து சென்று, அன்று ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட கல்வியாளர் பெஸ்டலோட்சியின் பள்ளியைப் பார்த்தார். புத்தகத்தை மனப்பாடம் செய்வதைவிடப் பொருளைப் பார்த்துத் தொட்டுக் கற்பதே முக்கியம் என்பது பெஸ்டலோட்சியின் கொள்கை.

ஆனால் ஃப்ரோபெலின் வழியைத் தீர்மானித்தது பள்ளிக்கூடம் மட்டும் அல்ல. 1814 முதல் 1816 வரை பெர்லினில் கனிம அருங்காட்சியகம் ஒன்றில் பேராசிரியர் கிறிஸ்டியான் வைஸுக்கு உதவியாளராக இருந்தார். நாள் முழுவதும் படிகங்களை வகை பிரிக்கும் வேலை. சமையல் உப்பின் ஒரு பரலை உருப்பெருக்கியில் பார்த்தால் அது கனசதுரமாக இருக்கும். அதை யாரும் செதுக்கவில்லை, தானாகவே அப்படி வளர்கிறது. படிகத்துக்குள் இருந்து அதை வளர்க்கும் அதே ஒழுங்குதான் மனிதனையும் வளர்க்கிறது என்று ஃப்ரோபெல் நம்பத் தொடங்கினார். குழந்தையின் கையில் வடிவங்களைக் கொடுக்கும் எண்ணத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பரிசுகள்

1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். மூன்று வருடம் கழித்து அதற்குத்தான் கிண்டர்கார்டன் என்று பெயர் சூட்டினார். அங்கே குழந்தைகளுக்குக் கொடுத்த விளையாட்டுப் பொருட்களைப் "பரிசுகள்" என்றே அழைத்தார்.

முதல் பரிசு, கம்பளி நூலால் பின்னிய ஆறு வண்ணப் பந்துகள்.

இரண்டாவது பரிசு, மரத்தால் ஆன கோளம், உருளை, கனசதுரம். கோளம் உருளும். கனசதுரம் வைத்த இடத்தில் நிற்கும். உருளை படுக்க வைத்தால் உருளும், நிறுத்தி வைத்தால் நிற்கும். இதை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சுழற்றலாம். கனசதுரம் வேகமாகச் சுழலும்போது அதற்குள் ஓர் உருளை தெரியும்!

மூன்றாவது பரிசு, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம். பாதி, கால், அரைக்கால் எல்லாம் இதில் கையாலேயே புரிந்துவிடும். எட்டுக் கட்டைகளையும் வரிசையாக வைத்தாலும், அடுக்கி வைத்தாலும் எட்டுதான்.

ஐந்தாவது பரிசு இன்னும் சுவாரசியமானது. 27 கனசதுரங்கள். அவற்றில் மூன்று மூலைவிட்டத்தில் இரண்டாக வெட்டப்பட்டவை, மூன்று நான்காக வெட்டப்பட்டவை. ஆக மொத்தம் 39 துண்டுகள். அரைத் துண்டுகள் நான்கை, செங்கோணங்கள் நடுவில் சேரும்படி வைத்தால் ஒரு பெரிய சதுரம் வரும். அந்தச் சதுரத்தில் இரண்டு முழுக் கட்டைகள் அடங்கியிருக்கின்றன. இதுதான் எட்டாம் வகுப்பில் வந்து பயமுறுத்தும் பிதாகரஸ் தேற்றத்தின் மிக எளிய உதாரணம்.

தலைகீழ் வரிசை

நம் பாடப்புத்தகங்களில் வடிவியல் புள்ளியில் தொடங்கும். பிறகு கோடு, தளம், கடைசியில் கன உருவம். ஃப்ரோபெலின் வரிசை நேர் எதிர். முதலில் கட்டை, பிறகு மெல்லிய மரத் தகடுகள், பிறகு குச்சிகள், கடைசியில் புள்ளிகள். காரணம் எளிது. புள்ளியை எந்தக் குழந்தையும் கையில் பிடித்ததில்லை, பந்தைப் பிடித்திருக்கிறது. கட்டையின் முகத்தைத் தடவும்போது சதுரம் தெரிகிறது, விளிம்பைத் தடவும்போது கோடு தெரிகிறது, முனை குத்தும்போது புள்ளி தெரிகிறது.

அதன் பிறகு கைவேலைகள் அதே பாதையில் திரும்பி வரும். காகிதத்தில் ஊசியால் குத்துவது புள்ளி. அந்தத் துளைகளில் நூல் கோப்பது கோடு. காகிதம் மடிப்பது தளம். களிமண் பிசைவது கன உருவம்.

தடை

1851 ஆகஸ்டு 7 அன்று பிரஷ்ய அரசின் கல்வி அமைச்சர் கார்ல் வான் ராமர் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தார். நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. 1848 புரட்சி அடங்கி மூன்று வருடமே ஆகியிருந்தது, அரசு எதைப் பார்த்தாலும் பயந்தது. இதில் ஓர் ஆள்மாறாட்டமும் சேர்ந்துகொண்டது. பெண் கல்வி பற்றியும் கிண்டர்கார்டன் பற்றியும் ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல் எழுதிய பிரசுரத்தை வைத்துச் சித்தப்பாவைத் தண்டித்தார்கள்.

ஃப்ரோபெல் விளக்கம் எழுதினார், பலன் இல்லை. 1852 ஜூன் 21 அன்று காலமானார். தடை நீங்கியது 1860-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. ஷ்வைனா என்ற ஊரில் அவருடைய கல்லறையின் மேல் கனசதுரம், உருளை, கோளம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

கடல் கடந்த கட்டைகள்

தடையால் அந்த யோசனை சாகவில்லை. ஜெர்மனியிலிருந்து குடியேறிய மார்கரெத்தே ஷுர்ஸ் 1856-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு கிண்டர்கார்டன் தொடங்கினார். 1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் ஃப்ரோபெலின் பரிசுகளைப் பார்த்த அன்னா ரைட் என்ற தாய் தன் மகனுக்கு அவற்றை வாங்கிக் கொடுத்தார். அந்த மகன்தான் உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட். அந்த மரக்கட்டைகளின் ஸ்பரிசம் கடைசிவரை தன் விரல்களில் இருந்ததாக முதுமையில் எழுதியிருக்கிறார்.

இன்னொரு சிறுவன் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். 1895-ல் பிறந்த அவருக்குச் சிறு வயதில் கண்பார்வை மிக மோசம். கிண்டர்கார்டனில் பட்டாணியும் பல்குச்சியும் கொடுத்து ஏதாவது கட்டச் சொன்னார்கள். மற்ற குழந்தைகள் தாங்கள் பார்த்த வீடுகளைப் போலச் சதுரம் சதுரமாகக் கட்டினார்கள். வீடுகளைச் சரியாகப் பார்த்தே இராத ஃபுல்லர், எது ஆடாமல் நிற்கிறது என்று தடவிப் பார்த்துக் கட்டினார். அது முக்கோணங்களாக வந்தது. 1967 மான்ட்ரியல் கண்காட்சியில் அமெரிக்க அரங்காக நின்ற அவருடைய மாபெரும் கோளக் கூரையும் முக்கோணங்களால் ஆனதுதான்.

பரிசு பாடமானபோது

பிரஷ்ய அமைச்சர் செய்ய முடியாததைச் சில சீடர்கள் செய்தார்கள் என்பது இந்த வரலாற்றின் சோகம். பல பள்ளிகளில் கட்டம் போட்ட மேசைகளில் குழந்தைகளை உட்கார வைத்து, "இந்தக் கட்டையை இங்கே வை, அடுத்ததை அங்கே வை" என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல அடுக்க வைத்தார்கள். பொருள் அதேதான், விளையாட்டு மட்டும் காணாமல் போனது. ஜான் டூயி போன்ற கல்வியாளர்கள் இதைக் கண்டித்தார்கள்.

இன்றைய கே.ஜி. வகுப்புகள் பலவற்றில் கட்டைக்குப் பதில் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. முக்கோணம் எப்போதும் உட்கார்ந்தே இருக்கும். அதைத் தலைகீழாகக் காட்டினால் "இது முக்கோணம் இல்லை" என்று சொல்லும் குழந்தைகள் உண்டு. அது குழந்தையின் தவறா? முக்கோணத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை இரவில் ஊறவைத்து, விளக்குமாற்றிலிருந்து நாலைந்து ஈர்க்குச்சிகளை உருவி ஒரே அளவில் உடைத்துக் கொடுத்தால் போதும். நான்கு குச்சியில் செய்த சதுரம் லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடும். மூன்று குச்சியில் செய்த முக்கோணம் அசையாது. ஏன் என்று குழந்தையே கேட்கும். அதுவரை பெரியவர்கள் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.