பினியல் பகுதிக் கட்டிகள்: கண்டறிதலும் சிகிச்சையும்

மூளையின் நட்டநடுவில், மூன்றாம் மூளையறையின் பின்சுவரை ஒட்டி இருக்கும் பினியல் சுரப்பியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உண்டாகும் கட்டிகளைப் பினியல் பகுதிக் கட்டிகள் என்கிறோம். இடத்தை வைத்து வந்த பெயர் இது. இதற்குள் ஒன்றோடொன்று உறவில்லாத பல வகைக் கட்டிகள் அடங்கும். கதிர்வீச்சு பட்டாலே கரைந்துபோகும் கட்டியும் உண்டு. முழுதாக வெட்டி எடுத்தால் மட்டுமே தீரும் கட்டியும் உண்டு. எந்தக் கட்டி என்று தெரியாமலே சிகிச்சை செய்ய நேர்ந்த காலம் இந்தத் துறையின் வரலாற்றில் மிக நீண்டது. மேற்கு நாடுகளில் பெரியவர்களுக்கு வரும் மூளைக்கட்டிகளில் இவை ஏறத்தாழ 1 விழுக்காடுதான். குழந்தைகளிடம் பங்கு அதைவிட அதிகம். ஜப்பானிலும் கொரியாவிலும் இன்னும் கூடுதல்.

சுரப்பி மிளகைவிடச் சற்றே பெரியது. தெக்கார்த் 17ஆம் நூற்றாண்டில் ஆன்மாவின் இருக்கை என்று சொன்னது இதைத்தான். மருத்துவத்துக்கு அதனால் ஒரு பயனும் விளையவில்லை. மருத்துவரைத் தடுத்து நிறுத்தியது அதன் அக்கம்பக்கம். மேலே, மூளையின் ஆழத்திலிருந்து இரத்தத்தைத் திரட்டி வரும் பெருஞ்சிரைகள் ஒன்றுகூடுகின்றன. அவற்றில் ஒன்று கிழிந்தாலும் உயிருக்கு ஆபத்து. கீழே கண் அசைவை நடத்தும் நடுமூளை. அதற்குள்ளேயே மூளை நீர் வடிந்து செல்லும் குறுகிய கால்வாய். கட்டி சற்று வளர்ந்தாலே கால்வாய் அடைபட்டு மூளையறைகளில் நீர் தேங்கும். விடிகாலைத் தலைவலி, வாந்தி, மங்கும் பார்வை என்று நோயாளி வருவது பெரும்பாலும் இந்த நீர்த்தேக்கத்தால்தான்.

ஸ்கேன் இல்லாத காலத்தில் கட்டியின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தவை கண்கள். பாரிஸ் கண் மருத்துவர் ஆன்ரி பாரினோ 1880களில் விவரித்த அறிகுறித்தொகுதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மருத்துவர் விரலை உயர்த்திக்கொண்டே போவார். நோயாளியின் கண்கள் ஓரளவுக்கு மேல் ஏறாது, நெற்றியைச் சுருக்கித் தலையையே பின்னுக்குச் சாய்ப்பார். விளக்கொளி பட்டால் கண்மணி சுருங்காது. அதே விரலை மூக்கருகே கொண்டுவந்தால் சுருங்கும்.

இரண்டாவது தடயத்தை 1898இல் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் ஓட்டோ ஹாய்ப்னர் பதிவு செய்தார். பினியல் கட்டி இருந்த நாலரை வயதுச் சிறுவனுக்குப் பருவமடைந்தவனின் உடல் மாற்றங்கள் வந்திருந்தன. பூப்பை அடக்கிவைக்கும் சுரப்பி கெட்டதால் வந்த விளைவு என்று பலரும் நெடுங்காலம் எண்ணினர். இத்தகைய சிறுவர்கள் பலரிடம் காரணம் வேறு: சில கட்டிகள் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது விந்தகத்தைத் தூண்டி ஆண் ஹார்மோனைப் பெருக்குகிறது. பெண் குழந்தைகளிடம் இந்த அறிகுறி அரிதாக இருப்பதற்கும் இது விடை தருகிறது.

அறுவையின் தொடக்கம் சோகமானது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி முயன்று தோற்றார். 1913இல் பெர்லினில், நரம்பியல் வல்லுநர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் நோயைக் கணிக்க, ஃபெடோர் கிரௌஸா ஒரு சிறுவனின் கட்டியை அகற்றினார், சிறுவன் பிழைத்தான். சிறுமூளைக்கு மேலாக, அதை மூடியிருக்கும் கூடாரச் சவ்வுக்குக் கீழாக நுழைந்தது அவருடைய வழி. நோயாளியை உட்கார வைத்துச் செய்தால் சிறுமூளை தன் எடையாலேயே கீழிறங்கி வழிவிடும். ஆபத்தான சிரைகளும் கட்டிக்கு மேற்புறமே நின்றுவிடும். உட்கார்ந்த நிலைக்கு அதற்கே உரிய அபாயமும் உண்டு. தலை இதயத்தைவிட உயரத்தில் இருப்பதால் திறந்த சிரை காற்றை உறிஞ்சி இதயத்துக்கு அனுப்பிவிடலாம்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வால்டர் டேன்டி, 1915இல் நாய்களின் பினியல் சுரப்பியை எடுத்துக் காட்டிய பிறகு, பெருமூளையின் இரு பாதிகளையும் விலக்கி நடுவிலுள்ள இணைப்பு நரம்பிழைக் கற்றையைப் பிளந்து இறங்கும் அறுவையை 1921இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1918இல், மூளையறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையைக் கண்டவரும் அவரே. படத்தில் மூன்றாம் அறையின் பின்பகுதி நிரம்பாமல் வெட்டுப்பட்டு நின்றால் கட்டி அங்கே என்று பொருள். இருந்தும் நோயாளிகளில் பலர் மேசையிலேயோ சில நாள்களிலோ இறந்தனர். அந்நாளின் முதன்மை அறுவையாளரான ஹார்வி குஷிங்கே, அகற்றத் துணியும் அளவுக்கு ஒரு பினியல் கட்டியைத் தம்மால் வெளிக்கொணர முடிந்ததில்லை என்று எழுதினார்.

அதனால் கத்தி பின்வாங்கியது. நார்வேயின் ஆர்னே டோர்கில்ட்சன் 1939இல், அடைப்பைச் சுற்றிப் போகும் ரப்பர் குழாய் ஒன்றை வைத்து நீரை வடியவிட்டார். கட்டியைத் தொடாமல் நீரை வடித்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பது அடுத்த முப்பது ஆண்டுகளுக்குப் பொது வழக்கமானது. பலர் அதனால் பிழைத்தனர் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பிழைத்தவருக்கு என்ன கட்டி, இறந்தவருக்கு என்ன கட்டி என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையே நுண்ணோக்கியின் கீழ் ஒரு குழப்பம் தீர்ந்தது. டேனிஷ் மருத்துவர் குனுட் கிராபே 1920களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ‘பினியலோமா’ என்ற பெயர் பல கட்டிகளையும் ஒரே கூடையில் போட்டுவைத்திருந்தது. பெரிய வெளிறிய செல்களும் அவற்றிடையே நிணநீர்ச் செல்களும் கலந்த தோற்றம் பினியல் திசுவுக்கு உரியது என்று நம்பப்பட்டது. அதே தோற்றம் பிட்யூட்டரி அருகே கண்டால் ‘இடம் மாறிய பினியலோமா’ என்றார்கள். 1944இல் டோரதி ரஸ்ஸலும் 1947இல் நேதன் ஃப்ரீட்மனும் அவற்றின் உண்மை உறவை எடுத்துக் காட்டினர்: விந்தகத்தில் வரும் செமினோமா என்னும் கட்டியின் அச்சு அசல் அது. இன்று ஜெர்மினோமா என்று வழங்கும் அக்கட்டி பினியல் செல்லிலிருந்து பிறப்பதே இல்லை. என் கணிப்பில், எந்த அறுவை வழியையும்விட இந்தத் துறையை மாற்றியது இதுதான். டோர்கில்ட்சன் வழியில் பிழைத்தவர்களில் பலருக்கு இருந்தது கதிர்வீச்சுக்கு எளிதில் பணியும் ஜெர்மினோமாவாக இருந்திருக்க வேண்டும்.

ஜப்பானிய மருத்துவர்கள் கதிர்வீச்சுக்குப் பணியும் அந்தத் தன்மையையே பரிசோதனையாக்கினர். சுமார் 20 கிரே கதிர்வீச்சு கொடுத்து மீண்டும் படம் எடுப்பார்கள். கட்டி வெகுவாகச் சுருங்கினால் ஜெர்மினோமா என்று கொண்டு சிகிச்சையை முடிப்பார்கள். வளரும் மூளைக்குத் தேவையே இல்லாத கதிர்வீச்சு போய்ச் சேர்ந்த குழந்தைகளும் அதில் இருந்தனர். இன்று அந்த வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது.

அதைக் கைவிட முடிந்ததற்குக் காரணம், கட்டியைத் தொடும் துணிவு திரும்பி வந்ததுதான். பாஸ்டனின் ஜேம்ஸ் பாப்பன் 1966இல் பின்மண்டை வழியை விவரித்தார். நியூயார்க்கின் பென்னட் ஸ்டைன் 1971இல் கிரௌஸாவின் பழைய வழியை அறுவை நுண்ணோக்கியோடு மீட்டெடுத்தார். அறுவை மரணம் பெரிதும் குறைந்தது. அதே ஆண்டு சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளி படுத்தார். பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. கட்டிக்கும் சிரைகளுக்கும் உள்ள நெருக்கத்தை அறுவைக்கு முன்பே காட்டியது.

இன்றைய நடைமுறையில், முதுகெலும்பு உட்பட எம்.ஆர்.ஐ. எடுத்ததும் இரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்னும் கட்டிக் குறியீடுகளின் அளவுகளைப் பார்க்கிறார்கள். இவை தெளிவாக உயர்ந்திருந்தால் திசு எடுக்காமலே கீமோதெரபி தொடங்கலாம். நீர் தேங்கியிருக்கும்போது முதுகில் ஊசி போடுவது ஆபத்து என்பதால், எண்டோஸ்கோப் வழியே மூன்றாம் அறையின் தரையில் துளையிட்டு நீரை வடியவிடும்போதே மாதிரி நீரையும் எடுத்துக்கொள்வார்கள். குறியீடுகள் இயல்பாக இருந்தால் கட்டியிலிருந்து ஒரு துணுக்கையும். ஒரே அமர்வில் எல்லாம் முடிந்துவிடும், நீரை வடிக்கும் நிரந்தரக் குழாயான ஷண்டும் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் கலப்புக் கட்டியில் துணுக்கு எந்த மூலையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து முடிவு தவறலாம்.

ஜெர்மினோமா என்று உறுதியானால் பெரிய அறுவைக்கு இடமில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நீண்டகாலம் வாழ்கிறார்கள்; கீமோதெரபியைச் சேர்த்துக் கதிர்வீச்சின் அளவையும் பரப்பையும் எவ்வளவு குறைக்கலாம் என்பதே இப்போதைய விவாதம். பலவகைத் திசுக்கள் கலந்த முதிர்ந்த டெரட்டோமாவுக்கும், பினியல் செல்லிலிருந்தே பிறந்து மெதுவாக வளரும் பினியோசைட்டோமாவுக்கும் அறுவையே மருந்து. கீமோதெரபியில் குறியீடுகள் இறங்கியும் கட்டி பெருத்துக்கொண்டே போவதுண்டு; உள்ளிருக்கும் டெரட்டோமாப் பகுதி வளர்வதே அது, எடுத்துத்தான் ஆக வேண்டும். வேறு காரணத்துக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தற்செயலாகத் தென்படும் பினியல் நீர்க்கட்டிகளை அனேகமாகத் தொடுவதே இல்லை.

மிகக் கடினமானது, பினியல் செல்லிலிருந்தே பிறக்கும் புற்றான பினியோபிளாஸ்டோமா. அறுவை, தலையும் தண்டுவடமும் சேர்ந்த கதிர்வீச்சு, கீமோதெரபி மூன்றும் தேவை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தக் கதிர்வீச்சைக் கொடுக்கத் தயங்குவதால் உயர் அளவுக் கீமோதெரபியும் ஸ்டெம் செல் மாற்றும் கைகொடுக்கின்றன, அதுவும் எப்போதும் இல்லை. ஆர்.பி.1 மரபணுக் கோளாற்றோடு பிறக்கும் குழந்தைக்கு விழித்திரைப் புற்றோடு இதே போன்ற கட்டி பினியலிலும் வரலாம். எனவே இரு கண்ணிலும் விழித்திரைப் புற்று கண்ட குழந்தைக்கு மூளையையும் படம் எடுக்கிறார்கள். பினியோபிளாஸ்டோமா கண்ட கைக்குழந்தைக்கு விழித்திரையையும் பார்த்துவிடுகிறார்கள்.