பல அணுகுமுனைகள் கொண்ட வீட்டு வைஃபை

ஒரே ரவுட்டரின் அலை எட்டாத அறைகளுக்கும் மாடிகளுக்கும் இணைப்பைக் கொண்டுசெல்ல, ஆக்சஸ் பாயின்ட் எனப்படும் அணுகுமுனைகளை ஆங்காங்கே நிறுவும் ஏற்பாடு. கம்பி கட்டிய கான்கிரீட் தளமே பெரும்பாலும் முதல் எதிரி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு ஊடுருவும், வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

மலிவான ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கியதையே திரும்ப அனுப்புவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. ஒவ்வொரு முனைக்கும் ஈதர்நெட் கேபிள் இழுப்பதே உறுதியான வழி. ஒரு கேபிள் 100 மீட்டர் வரை போகும். 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தின்படி மின்சாரமும் அதிலேயே வரும். சுவரை உடைக்க மனமில்லாதவர்களுக்குக் கேபிளின்றித் தமக்குள் இணையும் மெஷ் கருவிகள் உண்டு.

அணுகுமுனையாகப் பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரும் போதும். கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி சேவையை நிறுத்தி, அதன் சொந்த முகவரியை மாற்றி, கேபிளை லேன் துளையில் செருக வேண்டும். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் இரு ரவுட்டர்களும் போட்டி போட்டு முகவரி வழங்கும். வீடு முழுக்க இணைப்பு தடுமாறும்.

பெயரும் கடவுச்சொல்லும் எல்லா முனைகளிலும் ஒன்றாக இருக்கலாம், அலைவரிசை மட்டும் வேறாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 எண் அலைவரிசைகள்.

எந்த முனைக்குத் தாவுவது என்பதை முடிவெடுப்பது பெரும்பாலும் கைப்பேசிதான். மாடிக்குப் போன பிறகும் கீழ்த்தள முனையையே விடாமல் பற்றிக்கொள்ளும் பிடிவாதக் கைப்பேசிகள் நிறைய. அப்போது கீழ்முனையின் அலைத்திறனைக் கூட்டுவது வீண், குறைப்பதே பலன் தரும். 802.11கே, 802.11வி, 802.11ஆர் தரங்கள் இந்தத் தாவலை எளிதாக்குகின்றன. கைப்பேசியும் அவற்றை அறிந்திருந்தால்தான்.