வெள்ளையடித்த விஷம்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம். இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயம். அங்கே லாக்ஹார்ட் கிப்சன் என்றொரு கண் டாக்டர். அவரிடம் வந்த குழந்தைகள் சிலருக்குப் பார்வை மங்கிக்கொண்டே போனது. உடம்பில் காரீயம் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எப்படி ஏறியது? தண்ணீரிலா, சாப்பாட்டிலா?

கடைசியில் கிப்சனின் சந்தேகம் போய் நின்ற இடம், வீட்டு வராந்தாவின் மரக் கிராதி. வெயிலில் காய்ந்த பெயின்ட் மாவு மாதிரி உதிர்கிறது. அதைப் பிடித்து விளையாடிய பிஞ்சுக் கை நேரே வாய்க்குப் போகிறது. அவ்வளவுதான் விஷயம். பெயின்ட் அடித்த கிராதிதான், சுவர்தான் காரணம் என்று 1904லேயே எழுதிவிட்டார் மனிதர்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். நம் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வேறு, அது வெள்ளீயம். இந்தக் கதையின் வில்லன் காரீயம். அதிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு பொடி தயாரித்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்துச் சுவரிலும் கதவிலும் பூசினார்கள். நன்றாக மூடும். வருஷக்கணக்கில் உழைக்கும். யாருக்குத்தான் பிடிக்காது?

விஷம் என்று தெரிந்ததும் உலகம் சும்மா இருந்துவிடவில்லை. 1921ல் ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கூடி, வீட்டுக்குள் அடிக்கும் பெயின்ட்டில் வெள்ளைக் காரீயம் கூடாது என்று ஓர் உடன்படிக்கை போட்டது. அடுத்த வருஷமே குயீன்ஸ்லாந்து மாநிலம், குழந்தைகளின் கைக்கு எட்டுகிற இடங்களில் அதைப் பூசத் தடை விதித்தது.

அமெரிக்கா அந்த உடன்படிக்கையின் பக்கமே போகவில்லை. அங்கே நேஷனல் லெட் என்ற கம்பெனி, தன் 'டச்சு பாய்' பெயின்ட்டுக்குக் குழந்தைகளையே குறிவைத்து, வண்ணம் தீட்டும் புத்தகம் அச்சடித்து விளம்பரம் செய்துகொண்டிருந்தது. 1943ல் பாஸ்டனில் இரண்டு ஆய்வாளர்கள், காரீய விஷத்திலிருந்து 'குணமாகிவிட்டது' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட 20 குழந்தைகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். 19 பேர் பள்ளிக்கூடத்தில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். உயிர் பிழைத்தது, மூளை முழுசாகத் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் காரீயத் தொழில்காரர்கள் பழியைச் சேரிகள்மீதும் படிக்காத பெற்றோர்மீதும்தான் போட்டார்கள்.

பால்டிமோர் நகரம் 1951ல் முந்திக்கொண்டு, வீட்டின் உட்புறத்தில் காரீய பெயின்ட் அடிக்கத் தடை கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் தடை வந்தது 1978ல். கிப்சன் எழுதி 74 வருஷம் கழித்து!

சரி, தடை வந்தாயிற்று. பிரச்னை தீர்ந்ததா? அங்கேதான் ஆரம்பமே. தடை புது டப்பாவுக்கு. சுவரில் ஏற்கெனவே இருப்பதை என்ன செய்வது? பால்டிமோரின் பழைய வரிசை வீடுகளில், மேலும் கீழும் இழுத்துத் திறக்கிற மர ஜன்னல்கள். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் சட்டம் உரசி, பழைய பெயின்ட் கண்ணுக்குத் தெரியாத தூசியாகிறது. தரையில் தவழ்கிற குழந்தைக்கு அதுவே சாப்பாடு. அந்த வீடுகளில் பெரும்பாலும் வாடகைக்கு இருந்தவர்கள் ஏழைக் கறுப்பினத்தவர்கள். வீட்டு ஓனர் வேறெங்கோ இருப்பார்.

1992ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. 1978க்கு முன் கட்டிய வீடென்றால், காரீயம் பற்றி ஓனர் தனக்குத் தெரிந்ததைக் குடிவருகிறவரிடம் சொல்ல வேண்டும். ஒரு விளக்கப் புத்தகமும் கொடுக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் கவனியுங்கள், 'தெரிந்ததை'! சோதித்தே பார்க்காத ஓனருக்கு என்ன தெரியும்? சோதிக்கச் சொல்லி அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

ஆக, நடைமுறை என்ன? குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். காரீயம் ஏறியிருந்தால், அப்புறம் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வருவார். அதாவது, வீட்டில் விஷம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் மீட்டர், குழந்தை.

இது வெறும் பேச்சில்லை. பால்டிமோரில் கென்னடி க்ரீகர் இன்ஸ்டிடியூட் 1990களில் ஓர் ஆராய்ச்சி செய்தது. பழைய வீடுகளை எவ்வளவு குறைந்த செலவில் பத்திரமாக்கலாம்? சில வீடுகளுக்கு 1,650 டாலரில் ரிப்பேர், சிலவற்றுக்கு 3,500, சிலவற்றுக்கு அதற்கும் மேலே. அந்த வீடுகளில் சின்னக் குழந்தை உள்ள குடும்பங்கள். தூசியையும் குழந்தைகளின் ரத்தத்தையும் அவ்வப்போது எடுத்துப் பார்த்தார்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால் ஓனர்கள் வீட்டையே கைவிட்டுவிடுவார்கள், ஆகவே மலிவான வழி வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் இரண்டு குழந்தைகளின் வழக்கு 2001ல் மேரிலேண்டின் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதிகள் கொதித்துப்போனார்கள். சுரங்கத்தில் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கக் கொண்டுபோகிற குருவியோடு அந்தக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள்.

சோதிக்க வேண்டியது சுவரைத்தான் என்று அதே மேரிலேண்ட் 1994லேயே ஒரு சட்டம் போட்டிருந்தது. 1950க்கு முன் கட்டிய வாடகை வீடுகளை ஓனர் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் பெயின்ட் உதிர்கிறதா, தூசியில் காரீயம் இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஜன்னல் விளிம்பையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்து லேபுக்கு அனுப்பினால் போதும். குண்டூசிக் குத்தல்கூட வேண்டாம்.

பதிலுக்கு ஓனருக்கு ஒரு சலுகை. விதிப்படி நடந்தும் குழந்தை பாதிக்கப்பட்டால், வைத்தியத்துக்கும் வீடு மாறவும் சேர்த்து அதிகபட்சம் 17,000 டாலர். அதோடு கணக்கு முடிந்தது, வழக்குப் போட முடியாது. பி.காம். படித்த எனக்கே இந்தக் கணக்கு இடிக்கிறது. வாழ்நாள் முழுக்க மந்தமாகிப்போன ஒரு மூளைக்கு 17,000 டாலரா? 2011ல் நீதிமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது. 2015 முதல் 1978க்கு முந்தைய எல்லா வாடகை வீடுகளும் சட்டத்துக்குள் வந்தன.

இதற்குள் இன்னொன்றும் நடந்தது. 1960களில் நூறு மில்லி ரத்தத்தில் 60 மைக்ரோகிராம் வரை காரீயம் இருந்தாலும் டாக்டர்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கவலைப்பட வேண்டிய அளவு 1991ல் 10 ஆனது, 2012ல் 5, 2021ல் 3.5. அளவுகோல் இறங்க இறங்க, முன்பு 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் என்பது புரிந்தது.

இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்று 2016ல் விதி வந்தது. 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதுவும் டப்பாவுக்கான விதிதான். ஆகவே, குழந்தையோடு பழைய வீட்டுக்குக் குடிபோகிறவர்கள், ஜன்னலில் பெயின்ட் உரிந்திருந்தால் உப்புத்தாளால் வறட்டுவறட்டென்று தேய்க்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள். ஓனரிடம் தண்ணீர் வருமா என்று கேட்கும்போதே, இந்த ஜன்னலுக்கு எப்போது பெயின்ட் அடித்தீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.