கல்லில் படுத்தவருக்குக் குளிரவில்லையா?

சித்தன்னவாசல்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வர்றது அந்தத் தாமரைக்குள ஓவியம்தான். அறிவர் கோயிலுக்குள்ள போவோம், கழுத்து வலிக்க மேல பார்ப்போம், கிளம்பிடுவோம். அதே மலையில உச்சிப் பக்கம் ஏழடிப்பட்டம்னு ஒரு குகை இருக்கு. பாறையில வெட்டின ஏழு குழிகளைப் படியா வச்சு ஏறினதால அந்தப் பேர். உள்ளே சமண முனிவர்களுக்காகச் செதுக்கின 17 கல் படுக்கைகள். இன்னைக்கு அந்தப் படுக்கைகளைப் பத்தி ரொம்பச் சின்னதா ஒரு கேள்வி: அதுல படுத்தவங்களுக்குக் குளிராதா?

குகைன்னதும் இருட்டா எதையும் கற்பனை பண்ண வேண்டாம். பெரிய பாறை ஒண்ணு குடை மாதிரி துருத்தி நிக்குது, அதுக்குக் கீழே திண்டு மாதிரி இடம், ஒரு பக்கம் வெட்டவெளி. கதவில்லாத ஒரு பெரிய ஜன்னல் ஓரம்னு வச்சுக்கோங்க.

வீட்ல பூனை இருக்கிறவங்களுக்கு ஜன்னல் ஓரப் பிரச்சினை நல்லாத் தெரியும். நம்ம ஊர்ப் பூனைக்கு ரோமம் மெல்லிசு. மார்கழி ராத்திரியில வெறும் கிரானைட் திண்டுல படுக்காது. மடிச்ச பழைய புடவை ஒண்ணைப் போட்டுப் பாருங்க, உடனே வந்து சுருண்டுக்கும். அது செல்லம் இல்லை, இயற்பியல். உடம்பு கூடுதல் சக்தி செலவழிக்காம இதமா இருக்க, பூனைக்குச் சுமார் 30 முதல் 38 டிகிரி வரை வேணும். நமக்குப் புழுங்குற அளவுதான் அதுக்குச் சரியான அளவு. கல்லோ, மரப்பலகையைவிடப் பத்து மடங்குக்கும் மேல சூட்டைக் கடத்தும். புடவை மடிப்புக்குள்ள அசையாம நிக்கிற காத்துதான் அங்க உண்மையான மெத்தை.

மாமல்லபுரத்துல பெரிய பாறைச் சிற்பத்துல கையைத் தூக்கித் தவம் பண்ற பூனை ஒண்ணு இருக்கே, பார்த்திருக்கீங்களா? காலடியில எலிகள். போலித் தவத்துக்குப் பூனையைத் தேர்ந்தெடுத்த சிற்பி பூனையை நல்லாவே கவனிச்சிருக்கார்.

சமண முனிவருக்கு அந்தப் புடவை மடிப்பு கிடையாது. சமண மரபு, துறவி பொறுத்துக்க வேண்டிய துன்பங்கள்னு 22 சொல்லுது. குளிர் அதுல ஒண்ணு, படுக்கை இன்னொண்ணு. திகம்பரத் துறவின்னா உடுப்பே இல்லை. சரி, நெருப்பு மூட்டிக் குளிர்காயலாமேன்னா அதுவும் முடியாது. நெருப்புக்குள்ளேயும் உயிர் இருக்குன்னு நம்புற மரபு அது.

அப்போ அவங்க மேல அக்கறை இருக்கிற ஊர்க்காரங்க என்னதான் கொடுக்க முடியும்? எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 17 படுக்கைகள்ல பெரியதுல ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கு. பொ.ஆ.மு. 2 அல்லது 1-ஆம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. எருமி நாட்டுக் குமுழூர்ல பிறந்த ஒருத்தருக்காக, சிறுபோசில் இளயர் செய்து கொடுத்த அதிட்டானம், அதாவது இருக்கை, அப்படிங்கிறதுதான் செய்தி. எருமி நாடுங்கிறது மைசூர் வட்டாரம்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. (மைசூர்ல பிறந்தவருக்குப் புதுக்கோட்டைக் குளிரெல்லாம் ஒரு குளிரா!) எங்கிருந்தோ வந்தவருக்கு இந்தப் பக்கத்து ஆள் கல்லை வெட்டிக் கொடுத்திருக்கார். இது ஒருத்தரோட தனி ஆசை இல்லை. மதுரை பக்கத்துல அழகர்மலைக் குகைக் கல்வெட்டுகள்ல உப்பு வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர்னு கொடுத்தவங்க பட்டியலே இருக்கு. அறுவைன்னா துணி. துணி விக்கிறவர் துறவிக்குத் துணி கொடுக்க முடியாம குகைக்குக் கொடுத்திருக்கார்.

படுக்கையை வழவழன்னு தேய்ச்சிருக்காங்க. தலைமாட்டுல தலையணை மாதிரி கல்லையே உயர்த்தி விட்டிருக்காங்க. தேய்க்கிறதால சூடு கூடாது, உண்மையில குறையும்: வழவழப்பான கல் உடம்புல அதிக இடத்தைத் தொடும், அதிகச் சூட்டை உறிஞ்சும். ஆக, தேய்ச்சது எலும்புக்காக. குளிருக்கு மருந்து அந்த இடம்தான். வெட்டவெளியில படுத்தா உடம்புச் சூடு நேரா வானத்துக்குப் போயிடும், மேல பனியும் இறங்கும். தலைக்கு மேல பாறை இருந்தா ரெண்டுமே குறையும். அவ்வளவு பெரிய பாறை பகல்ல வாங்கின வெயிலை ஒரே ராத்திரியில விட்டுடாது. விரதம் கெடாம கொடுக்கக்கூடிய வெதுவெதுப்புன்னா அது ஒண்ணுதான். மழைக்காலத்துல துறவி அலையக் கூடாது, ஒரே இடத்துல தங்கணும்ங்கிற விதியோட சேர்த்துப் பாருங்க, அந்தக் கூரையோட மதிப்பு புரியும்.

அது ஏதோ கொஞ்ச நாள் பழக்கமும் இல்லை. அதே குகையில 8-ஆம் நூற்றாண்டு வாக்கிலான எழுத்துல வேற துறவிகளோட பேர்களும் வெட்டியிருக்கு. முதல் பேருக்கும் இந்தப் பேர்களுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம். கீழே, மலையோட மேற்குச் சரிவுல அறிவர் கோயிலை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பிச்சது அதுக்கும் பிறகு, 9-ஆம் நூற்றாண்டுல. நாம டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஓவியத்துக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே மேல ஒருத்தர் படுத்துத் தூங்கியிருக்கார்.