கிரீன்லாந்து வெளியேறிய கதை

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு முதன்முதலில் விலகியது பிரிட்டன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2020-ல் பிரிட்டன் வெளியேறுவதற்கு 35 வருடம் முன்பே, அந்த அமைப்பு ஐரோப்பியப் பொருளாதார சமூகம் என்ற பெயரில் இருந்தபோதே, சுமார் 50 ஆயிரம் பேர் மட்டும் வாழ்ந்த கிரீன்லாந்து வெளியே வந்துவிட்டது.

அது உள்ளே போனதே விருப்பப்பட்டு அல்ல. 1972-ல் டென்மார்க் நடத்திய வாக்கெடுப்பில் கிரீன்லாந்துக்காரர்களில் சுமார் 70 சதவீதம் பேர் "வேண்டாம்" என்றார்கள். ஆனால் அப்போது கிரீன்லாந்து டென்மார்க்கின் ஒரு மாவட்டம் மாதிரிதான். மொத்த ஓட்டில் "வேண்டும்" ஜெயித்தது. 1973 ஜனவரி 1 முதல் கிரீன்லாந்தும் உள்ளே! அதே டென்மார்க்கின் கீழ் இருந்த பாரோ தீவுகள் 1948-லேயே தன்னாட்சி வாங்கி வைத்திருந்ததால் தப்பித்துக்கொண்டன.

எல்லாக் கோபமும் மீனால் வந்தது. கிரீன்லாந்துக்குப் பிழைப்பே கடல்தான். அந்தக் கடலில் யார் எவ்வளவு பிடிக்கலாம் என்று பிரஸ்ஸல்ஸில் முடிவு செய்தார்கள். மேற்கு ஜெர்மனியின் பெரிய கப்பல்கள் வந்து காட் மீனை அள்ளிக்கொண்டு போயின. 1979-ல் தன்னாட்சி கிடைத்ததும், 1982 பிப்ரவரி 23-ல் மறுபடி வாக்கெடுப்பு. சுமார் 53 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள்.

சரி, ஓட்டுப் போட்டாயிற்று. எப்படி விலகுவது?

அங்கேதான் சிக்கல். 1957-ன் ரோம் ஒப்பந்தத்தில் விலகுவது பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. காலவரையின்றிச் செய்யப்பட்ட ஒப்பந்தம் என்று 240-வது பிரிவு சொன்னது, அவ்வளவுதான். (விலகும் வழியைச் சொல்லும் 50-வது பிரிவு, லிஸ்பன் ஒப்பந்தத்தோடு 2009-ல்தான் அமலுக்கு வந்தது.) போதாக்குறைக்கு, உறுப்பினர் டென்மார்க், கிரீன்லாந்து அல்ல. டென்மார்க் உள்ளேயே இருக்க, அதன் ஒரு பகுதி மட்டும் எப்படி வெளியே போகும்? அல்ஜீரியா 1962-ல் பிரான்சிடமிருந்து சுதந்திரம் பெற்றபோது யாரும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை; அதன் பெயர் பல வருடம் ஒப்பந்தத்திலேயே கிடந்தது!

கிரீன்லாந்து விஷயத்தில் அப்படி விட முடியவில்லை. ஒப்பந்தத்தையே திருத்த வேண்டியிருந்தது. அதற்கு 10 உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒரு நாடு முரண்டு பிடித்தாலும் காரியம் கெட்டது. ஆகவே பேரம். எந்த மீனுக்காகச் சண்டை போட்டு வெளியேறினார்களோ, அதே மீனைத்தான் மேஜையில் வைக்க வேண்டியிருந்தது. ஐரோப்பியக் கப்பல்கள் தொடர்ந்து மீன் பிடிக்கலாம். பதிலுக்கு வருடத்துக்கு 2 கோடியே 65 லட்சம் எக்யூ (யூரோவுக்கு முன்பிருந்த கணக்குப் பணம்) தருவார்கள். கிரீன்லாந்தின் மீனும் இறாலும் சுங்கவரி இல்லாமல் ஐரோப்பிய சந்தைக்குப் போகலாம், ஆனால் மீன்பிடி உடன்பாடு திருப்தியாக இருக்கும்வரைதான்! ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. இலவசமாகப் போன மீனுக்கு இப்போது விலை கிடைத்தது.

1984 மார்ச் 13-ல் கையெழுத்து. 1985 ஜனவரி 1 என்று தேதி குறித்திருந்தார்கள். எல்லா நாடுகளின் ஒப்புதலும் வந்துசேர ஒரு மாதம் தள்ளிப்போய், பிப்ரவரி 1-ல் கிரீன்லாந்து வெளியேறியது. ஐரோப்பிய சமூகத்தின் பரப்பளவில் பாதிக்கு மேல் அன்றோடு போயிற்று.

கிரீன்லாந்து மக்கள் மட்டும் டென்மார்க் குடிமக்களாகவே தொடர்ந்தார்கள். அதனால் 1993-ல் ஐரோப்பியக் குடியுரிமை என்று ஒன்று வந்தபோது, வெளியேறிய தீவின் மக்களுக்கும் அது கிடைத்தது.